அண்ணனுக்குப் போட்ட நாற்காலி

போன மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கு இன்னும் கடுமையான விதிகள் வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்துக்குச் சுற்றில் விட்டார்கள். ஒரு தகப்பனார் எழுந்து, இதற்கெல்லாம் சட்டம் எதற்கு, டிவியை அணைத்துவைக்கத் தாய்மார்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அணைப்பதற்குத் தாய் வீட்டில் இருக்க வேண்டுமே. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி முதல் கையெழுத்தை நான் போட்டேன்.

என் கோபத்துக்குக் காரணம் எனக்கு எட்டு வயதில் நடந்தது. திண்டுக்கல்லில், மலைக்கோட்டை தெரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா வடக்கே லாரி ஓட்டிப் போனால் திரும்பிவர மாதம் ஆகும். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. மில் பஸ் அவளைச் சந்துமுனையில் இறக்கிவிட ராத்திரி எட்டு மணியாகும். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. வீட்டுச் சாவி என் கழுத்தில் ஜெபமாலையோடு சேர்ந்து தொங்கும். பள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்ததும் டிவியைப் போடுவேன். வீட்டில் அதன்பிறகுதான் ஒரு பேச்சுக்குரல் கேட்கும்.

அதில் ஒரு பிஸ்கட் விளம்பரம். மஞ்சள் சட்டை போட்ட ஓர் அண்ணன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, "வீட்ல தனியா இருக்கியா? பத்து பாக்கெட்டோட கவர அனுப்பு, உன் பிறந்தநாளைக்கு நான் வர்றேன்" என்பார். வேறு யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஆனால் அது தவக்காலம். ஈஸ்டர்வரை பிடித்த தின்பண்டம் ஒன்றை விட்டுவிடுவதாக மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் நேர்ந்துகொள்வோம். நான் வீராப்பாக பிஸ்கட் என்று சொல்லித் தொலைத்திருந்தேன். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் ஒரு பாக்கெட் வேண்டும் என்று அம்மாவை நச்சரித்தேன். கவர் எனக்கு, பிஸ்கட் ஆண்டவருக்கு.

பத்துப் பாக்கெட்டையும் உரித்து, பிஸ்கட்டை ஒரு தூக்குவாளியில் சேர்த்து, அநாதை இல்லத்துக்காகக் கோயிலில் வைத்திருக்கும் காணிக்கைக் கூடையில், ஞாயிறு பூசைக்கு அம்மாவோடு போனபோது வைத்தேன். வாளிக்குள் மொய்த்திருந்த எறும்பு எனக்கு முன்பே பீடம் ஏறிவிட்டது. வாளியைத் திறந்து பார்த்த மறைக்கல்வி சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று நடுங்கினேன். அவரோ என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, "வாய்க்குப் பிடிச்சத ஒண்ணுகூடத் திங்காமக் கொண்டாந்து குடுத்துருக்கு பாருங்க இந்தப் புள்ள" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பெரிய புனிதை மாதிரி தலைகுனிந்து நின்றேன். மறுநாள் என் பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் எழுதிக் கவர்களைத் தபாலில் போட்டேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம், சனிக்கிழமை என் பிறந்தநாள். காலையில் விழித்தால் அம்மா வீட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். லீவு என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து, நல்ல துண்டு ஒன்றை விரித்து, வாசலைப் பார்க்கப் போட்டுவிட்டுச் சந்துமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் அம்மா அடுப்படியிலிருந்து வந்து அதில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டாள்.

"எந்திரிம்மா. அது அண்ணனுக்கு."

"எந்த அண்ணன், தாயி?"

சொன்னேன். அம்மா டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்துகொண்டாள். கசங்கிய துண்டை இழுத்துச் சரிசெய்துவிட்டு, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, வரட்டும். நானும் செத்த நேரம் கூட இருக்கேன்" என்றாள். விளக்குப் போடும் நேரம்வரை அங்கேயே இருந்தாள்.

அவர் வரவில்லை. பிறகொரு நாள் தபாலில் அவருடைய படம் மட்டும் வந்தது. அதில் என் பெயர்கூட இல்லை. தவக்காலத்தில் ஆண்டவரை ஏமாற்றியதற்குக் கிடைத்த தண்டனை என்று முடிவுகட்டி, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி அழுதேன். டிவி அண்ணன் பொய் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஒரு நாள் லீவுக்காக அம்மா முந்தின நாள் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் மில்லில் நின்றிருக்கிறாள். நானே வேலைக்குப் போன பிறகுதான் பேச்சுவாக்கில் அதைச் சொன்னாள். என் பிறந்தநாளுக்கென்று வந்திருந்த ஒரே ஆளை நான் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டேன் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.