அஞ்சு கட்டையில் நின்ற ஆர்மோனியம்

தேங்காய் எண்ணெய் போட்டு எவ்வளவு துடைத்தாலும் அம்மாவின் காதோரம் கொஞ்சம் அரிதாரம் ஒட்டியிருக்கும்... அந்த வாசனையோடுதான் எனக்குச் சோறு ஊட்டுவாள்.

பன்னிரண்டு வயதில் மேடை ஏறியவள். புத்தூர், நகரி, காளஹஸ்தி என்று பாடாத ஊர் இல்லை. தமிழில் பாட்டு, தெலுங்கில் ராகம் இழுத்துப் பாடும் பத்யம். அறுபது வயதிலும் சுருதி உச்சத்தில், அஞ்சு கட்டை! மைக்கே வேண்டாம்.

திருத்தணிப் பக்கம், எங்களுக்கு அடுத்து ஒரு ஊர். திருவிழா நாடகத்தில் ராணி வேஷம் என்றால் அம்மாதான். வருஷம் தவறாமல் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து அழைப்பார்கள்.

1960-இல் மாநில எல்லை பிரித்தார்கள். அந்த ஊர் மெட்ராஸோடு போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். அந்த வருஷம் யாரும் வரவில்லை. அம்மாவுக்காக என் நைனா போய்க் கேட்டார்.

"அவங்க ஆந்திரா ஆர்ட்டிஸ்டு ஆயிட்டாங்களேண்ணா. இனிமே நம்ம ஸ்டேட்டு பொண்ணுதான்" என்றாராம் திருவிழாக் கமிட்டிக்காரர்.

பதினெட்டு வருஷம் பாடிய தொண்டை ஒரே வருஷத்தில் அசலூர்த் தொண்டையா?

அம்மா ரோஷக்காரி. "பாக்கறதுக்கு எந்த ஸ்டேட்டா இருந்தா இன்னா? வாடி" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்தாள்.

ராணி முதல் பாட்டைத் திரைக்குப் பின்னால் பாடிவிட்டுத்தான் மேடைக்கு வரவேண்டும். ஆர்மோனியக்காரர் பழைய ஆள். கைப்பழக்கத்தில் அம்மாவின் அஞ்சு கட்டையிலேயே பிடித்துவிட்டார்... புதுப் பெண்ணுக்கு எட்டவில்லை. குரல் உடைந்தது. ஒரே விசில்.

கமிட்டிக்காரர் அம்மாவிடம் ஓடிவந்தார். "அக்கா, பின்னால நின்னு நீங்க பாடிடுங்க. மானம் போவுது."

"நான் எந்த ஸ்டேட்டு தம்பி? கேட்டுக்கினு வந்து சொல்லு."

உள்ளே அந்தப் பெண் அழுவது கேட்டது.

"அது இன்னா பண்ணும், பாவம்" என்று அம்மா எழுந்து போனாள். பாடினாள். குரலைக் கேட்டதும் கூட்டம் கைதட்டிய தட்டு இருக்கிறதே! திரை விலகியபோது அங்கே நின்றது அந்தப் பெண்.

"நாலு கட்டைக்கு எறக்குய்யா, கொயந்த பாடட்டும்" என்று ஆர்மோனியக்காரரிடம் சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த ஊருக்கு அப்புறம் போகவே இல்லை.

போன மாதம் பேரன் அந்த ஊர்த் திருவிழா மலரை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ராணி வேஷம் கட்டியவர்கள் பட்டியலில் அந்தப் பெண் பெயர்தான் முதலில். அம்மா பெயரே இல்லை.

இப்போது அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பொண்ணு கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள், எவனும் ஸ்டேட் கேட்பதில்லை. மலர் போட்ட கமிட்டிக்குப் போன் போட்டு அம்மா பெயர் எங்கே என்று கேட்டேன்.

"அவங்க ஆந்திரா சைடு ஆச்சே மேடம்."

கத்த வேண்டும் போலிருந்தது... என் தொண்டைக்கு மூணு கட்டைகூட எட்டாது.