பொத்துவில் கடலில் நின்ற பிள்ளை

பேய், பிசாசு, ஜின் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காலமெல்லாம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவன். பனிமூட்டத்தில் நிற்கிற மரத்தை மனிதன் என்று நினைத்து பிரேக் அடித்தவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், அவர்களையெல்லாம் முகத்துக்கு நேரே கேலி செய்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான், வல்லாஹி, அல்லாஹ் மேல் சத்தியம். அதுவும் இருட்டில் இல்லை, நல்ல வெயிலில், கண் கூசுகிற மணலில்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பண்டாரவளையில் வாப்பாவுக்கு ஒரு துணிக்கடை, எனக்கு ஒரு பழைய வேன். கதிர்காமத்துக்கு, நுவரெலியாவுக்கு, மடுல்சீமைப் பக்கம் கல்யாண வீடுகளுக்கு என்று யார் கேட்டாலும் ஓட்டுவேன். கொழும்புத் துறைமுகத்தில் ஒரே ஒரு நாள் நிற்கும் வெள்ளைக்காரக் கப்பல்களில் வருகிறவர்களைக்கூட ஏற்றியிருக்கிறேன். காலையில் இறங்குவார்கள், ஒரு கோயில், ஒரு கடற்கரை, ஒரு இளநீர், பொழுது சாய்வதற்குள் மறுபடி கப்பலில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். எந்த ரோட்டில் எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்தக் கடலில் இறங்கலாம், எதில் இறங்கக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் அத்துப்படி ஆனது.

அதனால்தான் மாரிமுத்து என்னைத் தேடி வந்தார். பூனாகலைத் தோட்டத்தில் தேயிலை பேக்டரியில் வேலை செய்தவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற காலம். அவருக்கும் மனைவிக்கும் கப்பலுக்கு நாள் வந்துவிட்டது.

"நானா, போறதுக்கு முன்னாடி எம் பொண்டாட்டி கடலப் பாக்கணுங்கிறா" என்றார். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணனை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தலைமன்னாருல கப்பல் ஏறுனா கடலத்தானே பாக்கப் போறீங்க?"

"அது வேறயாம். காலு நனைக்கணுமாம்."

இந்தத் தீவிலேயே பிறந்து, இந்தத் தீவிலேயே கொழுந்து பறித்து, கடலைப் பார்க்காமலே தீவை விட்டுப் போகிற சனம். கப்பலில் வந்து ஒரு நாள் நிற்கிறவன் பார்த்துவிட்டுப் போகிறதை இவர்கள் பார்த்ததில்லை. எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த கடலையெல்லாம் சொன்னேன். கொழும்பு வேண்டாம், காலிமுகத்திடலில் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். கதிர்காமம் போய்க் கும்பிட்டுவிட்டு அப்படியே கிரிந்தைக்குப் போகலாம், ஆனால் அங்கே கடல் பொல்லாதது, பாறையில் மோதும். திருகோணமலை அருமையான கடல், தூரம் அதிகம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சின்னப் புள்ள எறங்கி நிக்கிற மாதிரி அலை எங்க நானா இருக்கு?"

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இதை வைத்துத்தான் பலர் என்னை மடக்கப் பார்த்தார்கள். 'அவர் பிள்ளை என்று சொன்னதால் உன் மனசு பிள்ளையைக் கற்பனை செய்துகொண்டது' என்றார்கள். இருக்கலாம். மீதியையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

"அப்ப பொத்துவில்தான்" என்றேன். அங்கே வளைந்து கிடக்கிற குடாவில் அலை மெதுவாக வரும். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் அதுதான். அக்காவைப் பார்த்து நாளாகியிருந்தது, எப்படியும் நான் போக வேண்டியிருந்தது. சாப்பாடு அங்கே, ராத்திரி தங்குவதென்றாலும் அங்கே.

குறித்த நாளில் விடிந்தும் விடியாத நேரத்தில் பூனாகலைக்குப் போனேன். லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். அந்தத் தங்கச்சியின் பெயர் பார்வதி. வற்றிப்போன உடம்பு, கையில் ஒரு துணிப்பை. அதை வண்டியில் ஏறும்போதும் கையை விட்டு இறக்கவில்லை. பிள்ளை எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, ஆனால் குளிரில் எஞ்சின் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது, அந்தக் கவனத்தில் விட்டுவிட்டேன். பின் சீட்டில் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஸ்லந்தையைத் தாண்டி, தியலும அருவிக்கு முன்னால் நிறுத்தி எல்லாரும் முகம் கழுவினோம். மறுபடி வண்டியை எடுத்தபோதுதான் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு சிறுமி, ஆறேழு வயதிருக்கும், முழங்காலிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட சட்டை, கழுத்தைச் சுற்றி வெள்ளை ரிப்பன் வைத்துத் தைத்தது. துணிக்கடைக்காரன் மகன் அல்லவா, துணி என் கண்ணில் முதலில் படும். புதுச்சட்டை, ஒரு தடவைகூடத் துவைக்காத மினுக்கம் இருந்தது.

"புள்ள, தலைய உள்ளுக்கு எடு, மரக்கெள அடிச்சிரும்" என்றேன்.

தலையை உள்ளே எடுத்தாள். புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்கள் பிள்ளையை அதட்டியது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி வாயை மூடிக்கொண்டேன்.

வெல்லவாயா, புத்தல, மொனராகலை. வழியில் பார்க்கிறதற்கு என்னவெல்லாம் உண்டோ எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன், பழக்கதோஷம். லகுகலையில் குளத்துக்குள் யானைகள் நின்றன. மாரிமுத்து இறங்கிப் பார்த்தார். பார்வதி இறங்கவில்லை. பிள்ளை மட்டும் கண்ணாடியில் தெரிந்தாள், வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் வரவில்லை. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, கூச்சப்படுகிற பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

பகல் உச்சிக்கு முன்பே கடற்கரைக்கு வந்துவிட்டோம். நான் வண்டியை நிழலில் ஒதுக்கிவிட்டு இறங்குவதற்குள், பார்வதி மணலில் போய் உட்கார்ந்திருந்தாள். கடலைப் பார்த்ததும் எல்லாரும் ஏதாவது சொல்வார்கள், வெள்ளைக்காரனும் சொல்வான். அவளோ பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிமுத்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

பிள்ளை தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் முழங்கால். அப்புறம் இடுப்பு. நான் தாயைப் பார்க்கிறேன், அவள் அந்தப் பக்கமே பார்வையைத் திருப்பவில்லை. என்ன தாய் இவள் என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "தங்கச்சி, புள்ள உள்ளுக்குப் போவுது!" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள், கடலைப் பார்க்கவில்லை. அதற்குள் தண்ணீர் பிள்ளையின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி விழுந்தேன். பிடித்தும் விட்டேன். வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பனியில் கிடந்த கொழுந்தை அள்ளினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ஈரக்குளிர், அந்த வெயிலில்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"அம்மாவ தண்ணில எறங்க விடாதீங்க."

ஓர் அலை வந்தது, சின்ன அலைதான். அது போனபோது என் கையில் ஒன்றுமில்லை.

நான் மூழ்கினேன், துழாவினேன், கத்தினேன். தண்ணீர் அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது, அதில் என் கால்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மாரிமுத்து வந்து என்னைப் பிடித்து இழுத்தார்.

"நானா, நானா! யாரத் தேடுறீங்க?"

"யாரயா? ஒங்க புள்ளய!"

அவர் முகம் செத்துப்போனது. "எங்களுக்குப் புள்ள இல்ல நானா. போன மழைக்கு செத்துப்போச்சு. சின்ன அலை கேட்டதுகூட அது ஆசப்பட்ட கடலுன்னுதான்."

கரையில் பார்வதி எழுந்து நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது. அலறுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக நடந்து வந்து, தண்ணீர் தொடுகிற இடத்தில் நின்று, ஏதோ ஊருக்குப் போய் வந்தவனிடம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

"என்ன சட்டை நானா போட்டிருந்துச்சு?"

சொன்னேன். பச்சை, வெள்ளைப் பூ, கழுத்தில் ரிப்பன்.

அவள் பையைத் திறந்தாள். அந்தச் சட்டை அதற்குள் மடித்தபடி இருந்தது. கப்பலில் போகும்போது போடுவதற்கென்று அவளே கையால் தைத்தது. தைத்து முடிப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் லயத்துக்கு லயம் வயிற்றுப்போக்கு வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி கிடைக்கவில்லை. அதன் பிறகும் விடாமல் மீதியைத் தைத்து முடித்திருக்கிறாள். மடிப்பை விரித்தாள். சட்டையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது, ஓரத் தையலில் மணல் ஒட்டியிருந்தது. பை காய்ந்துதான் கிடந்தது. நான் தொட்டுப் பார்த்தேன்.

"போட்டுப் பாத்துட்டா" என்றாள் பார்வதி. அவ்வளவுதான். அப்புறம்தான் அழுதாள். அந்த அழுகையை இன்று வரை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இரண்டு பேருமாக அவளைக் கைத்தாங்கலாக அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவளைத் தண்ணீரில் இறங்க நான் விடவில்லை. அக்கா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது, மாரிமுத்துவை வெளியே கூப்பிட்டுப் பிள்ளை சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து அவ மூக்குத்திய, வளையல எல்லாம் கழட்டி அவ தங்கச்சிகிட்ட குடுத்துட்டா நானா. கப்பல்ல புடுங்கிருவாங்கன்னு குடுக்கிறான்னு நெனச்சேன்." வீட்டுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இத அவகிட்ட சொல்லிராதீங்க. புள்ள கடல்ல நின்னு பேசுச்சுன்னு தெரிஞ்சா, அவளும் எறங்கிருவா. இன்னும் கொஞ்ச நாள்ல ஏறப் போறது கப்பல்ல."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

ராத்திரி தங்கவில்லை, அப்போதே திரும்பிவிட்டோம். பார்வதி எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும், "கண்ணாடியில பாருங்க நானா, வருதா?" என்று கேட்டாள். பார்த்தேன். பின் சீட்டு காலியாக இருந்தது. "இல்ல தங்கச்சி" என்றேன். மொனராகலையில் கேட்டாள், வெல்லவாயாவில் கேட்டாள். பூனாகலை ஏற்றத்தில் வைத்துக் கடைசியாக, "எம் புள்ள இங்க தேயிலைக்குள்ள, பொதச்ச எங்க அப்பன் ஆத்தாகூடப் படுத்திருந்துச்சு. நாந்தான் கூட்டிட்டுப் போய்த் தெரியாத ஊர்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

அவர்கள் புறப்பட்ட நாளில் பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த ரயிலை எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள், ஏறுகிறவனும் அழுவான், ஏற்றிவிட வந்தவனும் அழுவான், எந்த அழுகை யாருடையது என்று தெரியாது. கூட்டத்தில் புகுந்து அவர்கள் ஜன்னலைக் கண்டுபிடித்தேன். பார்வதி கையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்தாள். வலது கையை.

"நானா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அது ஒங்ககிட்ட ஏதாவது பேசுச்சா?"

நான் மாரிமுத்துவைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"ஒண்ணும் பேசல தங்கச்சி."

அவள் கை தளர்ந்தது. "பேசலையா? அவ வாய் ஓயாதே நானா. தூக்கத்துலகூடப் பேசுவாளே." "அப்ப எம்மேல கோவமாத்தான் இருக்கா."

ரயில் நகர்ந்துவிட்டது. சத்தியமாவது ஒன்றாவது என்று நான் கூடவே ஓடினேன். "பேசுனா தங்கச்சி! ஒன்னயத்தான் நெனச்சுப் பேசுனா! கோவமில்ல, கோவமில்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எத்தனையோ பேர் என்னைப் போலவே ஓடினார்கள், என்னைப் போலவே கத்தினார்கள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, வாய் என்னவோ கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது.

பிளாட்பாரத்தின் முனையில் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அப்போது என் வலப்பக்கத்தில், இடுப்பு உயரத்திலிருந்து, மெல்லக் கேட்டது.

"அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

திரும்பினேன். யாருமில்லை.

அவர்கள் எந்த ஊரில் குடியேறினார்கள், இருக்கிறார்களா இல்லையா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் யாரைக் கண்டாலும் விசாரிப்பேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதிலில்லை. கேட்டுவிட்டு, பதில் வரும் என்று அது எங்கே நின்றுகொண்டிருக்கிறதோ, அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.