கிணற்றுக்கட்டில் வைத்த பாரை மீன்

இந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் புரட்டஸ்தாந்து ஆலயத்தில் பீடத்தின் முன்னால் ஒரு பெரிய மீன் தொங்கியது. அட்டையில் வெட்டி, நீல மை பூசி, செதிலுக்கு மினுங்கல் கடதாசி ஒட்டிய மீன். படைப்பைப் பேணுவோம், ஒரே திருச்சபையாவோம் என்று அதன் வயிற்றில் எழுதியிருந்தார்கள். கத்தோலிக்கச் சாமியாரும் விருந்தினராக வந்து முன்வரிசையில் இருந்தார். எல்லாரும் மீனைப் படமெடுத்தார்கள். நான் மட்டும் எடுக்கவில்லை. இந்த வயதில் கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் காரணம் கண் இல்லை.

முன்பெல்லாம் பீடத்தின் படிகளில் எங்கள் தோட்டத்து வெங்காயம் பிடிபிடியாகக் கிடக்கும். மரவள்ளிக்கிழங்கில் மண்கூட முழுதாகப் போயிருக்காது. ஈரமண்ணும் வெங்காயமும் வாழைப்பழமும் கலந்த அந்த மணத்தில் எனக்குப் பிரசங்கமே காதில் ஏறாது. இப்போது பூசணிக்காய் மருதனார்மடம் சந்தையிலிருந்து ஆட்டோவில் வருகிறது. கூடவே ஸ்ரிக்கர் ஒட்டிய அப்பிளும். எங்கள் விளைச்சலுக்காக நாங்கள் கடவுளுக்கு நன்றி சொல்கிறோம். அவர் சிரிப்பாராக்கும்.

மணம் என்றதும்தான் அந்தோனி அண்ணை ஞாபகத்துக்கு வருகிறார்.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிய புதிது. பீடத்தை அலங்கரிக்கும் பொறுப்பும் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சண்டையால் கடற்கரையோரக் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த நாலு கத்தோலிக்கக் குடும்பங்கள் எங்கள் சபை மண்டபத்தில் தங்கியிருந்தன. அதில் ஒரு குடும்பம் மீன்பிடிகாரர் அந்தோனி அண்ணையுடையது. அவர்களுடைய கோயில் கிட்டடியில் இல்லாததால் எங்கள் ஆராதனைக்கு வந்து கடைசி வாங்கிலில் இருப்பார்கள். நான்தான் போய் வாய் நிறைய அழைத்தேன். "பண்டிகைக்கு உங்கடை கையாலை கிடைச்சதிலை முதல் பங்கைக் கொண்டு வாங்கோ அண்ணை. நாங்கள் எல்லாரும் ஒரே சபைதானே."

அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். பண்டிகையன்று விடியமுன் சைக்கிளில் அராலிக் கரைக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசி, ஒரு பாரை மீன் பிடித்துவிட்டார். அதைக் கழுவி, வாழையிலை விரித்த பனையோலைக் கடகத்தில் வைத்து, வெள்ளை வேட்டியோடு வந்து பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இறக்கினார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சைவத்தை விட்டு வேதக்காரராகிப் பல தலைமுறை கடந்தும் நாங்கள் பண்டிகை நாளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. அயலிலுள்ள சைவ ஆட்களும் வருவார்கள் என்பது சாட்டு. சபைச் செயலாளர் என் காதருகே குனிந்தார். "பிள்ளை, உதை வெளியிலை கொண்டுபோய் வை. காய்கறிக்குப் பக்கத்திலை மச்சமோ?" முந்தின நாள் மத்தியானம் அவர் வீட்டு மீன்குழம்பு ஒழுங்கை முழுவதும் மணத்தது. அவருக்கு மணத்தது மீன் இல்லை, கொண்டுவந்த ஆள். எனக்கு அது அந்த நிமிடமே விளங்கியது. விளங்கியும் கடகத்தை நான்தான் தூக்கினேன். கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன், சவர்க்காரம் போட்டு.

உள்ளே போதகர் வானத்தையும் பூமியையும் கடலையும் படைத்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். விசுவாசப் பிரமாணத்தில் பொதுவான சபையை நம்புகிறேன் என்று வரும் இடத்தை நான் வழக்கம்போல் உரத்துச் சொன்னேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கிணற்றடியில் அந்தோனி அண்ணை காகம் விரட்டிக்கொண்டு நின்றார். மீனின் ஒரு கண் போய்விட்டிருந்தது.

"எங்கடை கோயிலிலை வள்ளத்தையும் வலையையுமே சாமி தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பார், ரீச்சர்," என்றார். பிறகு கோபமில்லாமல் கேட்டார். "கடலைப் படைச்சது வேறை ஆரோ?"

பீடத்தை ஒதுக்க வேண்டும் என்று சொல்லி நான் உள்ளே போய்விட்டேன். அடுத்த கிழமை நாலு குடும்பமும் மண்டபத்தை விட்டுப் போய்விட்டன. சண்டை ஓய்ந்த பிறகு குருநகரில் விசாரித்தேன். இந்தியாவுக்கு வள்ளம் ஏறினவர், பிறகு தகவலில்லை என்றார்கள்.

இம்முறை சபையில் மூத்தவள் என்று கடலுக்காக நன்றி செபம் செய்ய என்னையே கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, "கடலைப் படைத்தவரே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மனுசி பக்தியில் உருகிவிட்டா என்று யாரோ சோடா கொண்டுவந்து தந்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன்.

பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கிணற்றைத் தூர்த்து, மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கல் பதித்திருக்கிறார்கள். சுற்றியிருந்த வெங்காயத் தோட்டமெல்லாம் மதிலும் வீடும். கடகம் இருந்த இடம் இதுதான் என்று காட்டக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே இளைஞர்கள் அட்டை மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "கசங்காமல் பிடியுங்கோ," என்று இப்போதைய செயலாளர் பதறினார். அடுத்த வருடத்துக்கும் உதவும் என்று அதைப் பீடத்தின் பக்கத்திலேயே பத்திரமாகச் சாத்தி வைத்தார்கள்.