பதினொரு நிமிட இரைச்சல்

நான் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவன். தண்ணீரூற்று என்ற ஊரில் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் என் சாமான்கள் இருக்கின்றன. கோயில், தேவாலயம், விளையாட்டுப் போட்டி, செத்தவீடு என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவேன். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களுடைய பேச்சைப் பெரிதாக்கிக் கொடுப்பதில் அந்தத் தொல்லை இல்லை. மிக்சருக்குப் பின்னால் நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் இந்த வருடம் ஒரு கோயில் திருவிழாவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. முன்வரிசைப் பெண்கள் திடீரென்று காதைப் பொத்தினார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பேச்சாளர் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். மைக் கூவியிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. குத்துமதிப்பாக எதையோ குறைத்தேன், பெண்கள் கையை எடுத்தார்கள். வயர் பழசு என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

அதை மனைவிக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவளுடைய ஊர்த் தேவாலயத்தில் மாதா பெருநாள் இருந்தது. போர் முடிந்து மீளக் குடியேறிய நாளிலிருந்து அங்கே ஒலிபெருக்கி என்னுடையதுதான். காது போய்விட்டது என்று தெரிந்தால் இனி யார் கூப்பிடுவார்கள்? எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

அந்த நாட்களில்தான் கமநல சேவை நிலையத்து எழுதுவினைஞர் கொட்டகைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கனகராயன்குளத்துக்காரர். இங்கே ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தார். உரப் படிவம் நிரப்பப் போனால் இவர் சொல்வதைக் கேட்க யன்னல் கம்பிக்குள் தலையை விட வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல்.

"அண்ணை, உங்களிட்டக் கசெற் டெக் இருக்கெண்டு சொல்லிச்சினம்."

வவுனியாவில் பழைய சாமான் கடையில் வாங்கிய டெக் ஒன்று இருந்தது. ஓம் என்றேன். ஒரு பென்ரைவும் பன்னிரண்டு புதுக் கசெற்றுகளும் தந்தார். கசெற்றுகளைக் குளிர்நாடு ஒன்றிலிருந்து, இவர் முகம் பாராத ஒரு நண்பர் அனுப்பியிருந்தாராம்.

"நாலு துண்டு இருக்குது. எல்லாமாப் பதினொரு நிமிசம். பன்னிரண்டிலயும் அடிச்சுத் தாங்கோ. அவர் அங்க விருப்பமான ஆக்களுக்குக் குடுப்பார்."

பாட்டோ என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கூச்சக்காரர் இருவர் சந்தித்தால் வேலை இப்படித்தான் நடக்கும்.

அடுத்த நாள் காலையில் போட்டுப் பார்த்தேன். முதலில் வெறும் இரைச்சல். அதற்குள் கிற்றார்போல ஒன்று, ஒரே சுரத்தைச் சுரண்டிக்கொண்டே போனது. ட்ரம் நெல் குத்துகிற மெஷின் வேகத்தில் ஓடியது. எல்லாவற்றுக்கும் பின்னால், குளத்தின் அந்தக் கரையில் நின்று யாரோ இந்தக் கரையில் உள்ளவனைக் கூப்பிடுவதுபோல ஒரு கத்தல். சொல் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டரை நிமிடத்தில் வாய்க்காலை அடைத்ததுபோல நின்றுவிட்டது.

குசினியிலிருந்து மனைவி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆரை வெட்டுகினம்?"

"கசெற் அடிக்கிறன்."

"பெருநாளுக்கு உதைப் போட்டீங்களெண்டால் சுவாமியார் பேய் ஓட்ட எங்கள் ரெண்டு பேருக்கும் தண்ணி தெளிப்பார்."

அவள் போன பிறகு வயர்களைக் கழற்றி மாட்டினேன். டெக்கின் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஏர்த் சரியாக இருந்தது. திரும்பப் போட்டேன். அதே இரைச்சல், அதே தூரத்துக் கத்தல். பதிவில் பிழையா, டெக்கில் பிழையா என்று யோசித்தபடி நிறுத்தினேன். இரைச்சல் நிற்கவில்லை. தகரத்தில் மழை பெய்கிறது என்று நினைத்து வெளியே வந்தேன். முற்றத்தில் வெயில் எறித்தது. மனைவி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தேன். எவ்வளவு இரைச்சல் கசெற்றில் இருக்கிறது, எவ்வளவு என் தலைக்குள் இருக்கிறது? ஒரு காதைப் பொத்திப் பார்த்தேன், மற்றதைப் பொத்திப் பார்த்தேன். ஹெட்போன் போட்டேன். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியது.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். திருத்தினேன். ஈக்குவலைசரில் கீச்சென்ற மேல் பக்கத்துச் சத்தத்தைக் குறைத்தேன். இரைச்சல் போகவில்லை. இன்னும் குறைத்தேன். நடுப்பக்கத்தை ஏற்றிக் கத்தலை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பாவம், யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார், அது கேட்கவாவது வேண்டுமே என்று நினைத்தேன். இரண்டு நாள் இருந்து பன்னிரண்டையும் அப்படியே அடித்தேன்.

சனிக்கிழமை எழுதுவினைஞர் வந்து ஒன்றைப் போட்டுக் கேட்டார். முதல் துண்டு முடிந்ததும் நிறுத்தினார்.

"அண்ணை, போர்வையால மூடின மாதிரிக் கிடக்கு."

"இரைச்சல் இருந்தது. எடுத்துவிட்டனான்."

"அது இருக்க வேணும்."

"பிழையில்லையோ?"

"இல்லை. அது மழை. தகரத்துக்குக் கீழ வைச்சு எடுத்தனான். கடலை வறுக்கிற சட்டிக்குள்ள போனை வைச்சு."

நான் கசெற்றை வெளியே எடுத்தேன். அன்று எப்படியோ என் வாய் திறந்தது.

"உதில கத்துறது ஆர்?"

"நான்தான்."

"மற்றதெல்லாம்?"

"எல்லாம் நான் மட்டுந்தான். ட்ரம் மட்டும் கொம்பியூட்டரில செய்தது. பிளாக் மெட்டல் எண்டு வெளிநாட்டில ஒரு வகை இசை. பாட்டெண்டு கேட்கப்படாது அண்ணை. ஒரு இடத்துக்குள்ள போய் நிண்டு பாக்கிற மாதிரி."

நான் போய் நின்று பார்த்தேன்தான். இடம் பிடிபடவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வேறொன்றைக் கேட்டேன்.

"ஏன் இவ்வளவு கட்டை?"

முதல் தடவையாகச் சிரித்தார். "வெள்ளிக்கிழமையில வீட்டுக்கார அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போவா. அவா தேங்காய் உடைச்சுத் திரும்பி வாறதுக்குள்ள நான் கத்தி முடிக்க வேணும். அவாவுக்கு நான் நல்ல பெடியன்."

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்குச் சொல்ல முடிந்தது. மைக் கூவியதையும், டெக்கை நிறுத்திய பிறகும் மழை பெய்ததையும் அவருக்குச் சொன்னேன். ஆறுதலாக ஏதும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பென்ரைவை எடுத்துச் செருகினார்.

"மூண்டாவது துண்டின்ர தொடக்கத்தில ஒரு தேன்சிட்டு கத்தும். கேக்குதோ பாருங்கோ."

போட்டார். எனக்கு மழைதான் கேட்டது. திரும்பப் போட்டார். விரலை உயர்த்தி, "இந்தா, இப்ப," என்றார். மழை.

"இல்லை," என்றேன்.

துண்டு ஓடிக்கொண்டிருந்தது. ட்ரம்முக்குக் கீழே இன்னொன்று இருப்பதை இரண்டு நாளாகவே நான் கவனித்திருந்தேன்.

"தண்ணிப் பம் ஒண்டு ஓடுது. அடியில."

"இதிலயோ? இல்லையே."

மேல் பக்கத்தைக் குறைத்து, அடிப்பக்கத்தை ஏற்றிப் போட்டேன். டுக் டுக் டுக் என்று மண்ணெண்ணெய்ப் பம் தெளிவாக ஓடியது. அவர் ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தார்.

"பக்கத்துக் கச்சான் தோட்டத்துப் பம். நான் கத்தி எடுத்த அண்டைக்கு ஓடியிருக்கு. நானே கேக்கேல்லை."

பம் பிடிக்கிற காதுக்குச் சிட்டு பிடிபடவில்லை. சிட்டு பிடித்தவருக்குப் பம் பிடிபடவில்லை. இதில் யாருக்குக் காது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மைக் கூவுவதும் சிட்டைப்போல மேல் பக்கத்துச் சத்தம். அது எனக்குத் தெரியும்.

பதினொரு கசெற்றைத் திரும்ப அடித்தேன். இந்தத் தடவை எதையும் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் கண்டேன். போர்வையால் மூடினதுபோல இருந்த பன்னிரண்டாவதை அழிக்காமல் வைக்கச் சொன்னார் எழுதுவினைஞர். பம் உள்ளது என்று அதன் ஒட்டுத்தாளில் எழுதினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் காது விஷயத்தை மனைவிக்குச் சொன்னேன். அவள் மீன் முள்ளை எடுத்தபடியே கேட்டாள்.

"கேத்தில் விசிலடிச்சு அரை மணித்தியாலமா நீங்கள் பக்கத்தில குந்தியிருந்து பேப்பர் வாசிக்கேக்க நான் என்னெண்டு நினைச்சனான்?"

"என்னெண்டு?"

"முதல்ல திமிரெண்டு நினைச்சன். பிறகுதான் காதெண்டு விளங்கிச்சு. ரெண்டு வருசமாச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

பிறகு அவளே முடிவு செய்தாள். "பெருநாளுக்கு நான் பக்கத்தில நிக்கிறன். கூவினால் தோளில அமத்துவன். நீங்கள் குறையுங்கோ."

பெருநாளன்று கடற்கரைத் தேவாலயத்தில், மிக்சருக்குப் பின்னால் இருவரும் நின்றோம். அவளுடைய கை என் தோளில் இருந்தது. ஊர்ப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள், இந்த வயதில் என்ன செல்லம் என்று ஒருத்தி கேட்டாள். பிரசங்கத்தில் மனைவி இரண்டு தடவை அமத்தினாள். இரண்டு தடவையும் குறைத்தேன். யாரும் காதைப் பொத்தவில்லை.

கடைசியில் சுவாமியார் மௌனமாகச் செபிக்கச் சொன்னார். கூட்டம் அடங்கியது. எனக்கு மழை கேட்டது. வானத்தைப் பார்த்தேன், முகில் இல்லை. கடலாக இருக்கலாம். ஸ்பீக்கராக இருக்கலாம். நானாகவும் இருக்கலாம். என் விரல் மிக்சரை நோக்கிப் போனது. தோளைப் பார்த்தேன். அவளுடைய கை அசையவில்லை. நானும் ஒன்றையும் தொடவில்லை.