பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம்

எங்கள் ஆபீஸில் மெசேஜ் அனுப்ப ஒரு புது ஆப் செய்கிறோம். திரையை வடிவமைத்தது மேனேஜரே. சோதித்துப் பார்க்க என் டச் போனில் போட்டுக் கொடுத்திருந்தார்.

இன்று மாலை கல்பாக்கம் பஸ் மாமல்லபுரத்தைத் தாண்டும்போது, அதிலேயே தோழி சுதாவுக்குத் தட்டினேன்: "அனுப்பினதை நிறுத்த இதுல பட்டனே இல்ல. டிசைன் பண்ண மனுஷன் ஒரு தடவையாவது போனைத் தொட்டிருப்பாரா?"

யாருக்கு அனுப்புவது என்ற பட்டியலில் சுதா பெயரைத் தொடப் போன நொடியில் மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பட்டியல் ஒரு வரி கீழே இறங்கியது. சுதா இருந்த இடத்தில் அவர் பெயர்.

தொட்டுவிட்டேன்.

நல்லவேளை, சிக்னல் போய்விட்டது. 'அனுப்புகிறது' என்று வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்தத்தான் பட்டன் இல்லையே!

பக்கத்து சீட்காரர் கேட்டார்: "இன்னா அண்ணாத்த, போனை மொறச்சுகினே வர்ற?"

சொன்னேன்.

"பேட்டரிய கழட்டு. இதுக்குப் போயி பேஜாராவறியே!"

கழற்றினேன். இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை எழுதுகிறேன். போன் மேசையில், பேட்டரி சட்டைப் பையில். ஆன் செய்தால் ஆப் விட்ட இடத்திலிருந்து அனுப்பிவிடும். அந்த வசதியை ஆபீஸில் பாராட்டியவன் நான்தான். சிம்மைக் கழற்றினாலோ ஆப் திறக்கவே திறக்காது.

மேனேஜர் அனுப்பியதில் முதல் வரிதான் கண்ணில் பட்டது: "ஆப் பத்தி உன் கருத்தை..." மிச்சத்தைப் படிக்க போனை ஆன் செய்ய வேண்டும்.

செய்யட்டுமா? யோசித்து இங்கேயே கமெண்டில் எழுதுங்கள். போன் மட்டும் பண்ணாதீர்கள்.