மீன் கொடுக்காத ஊர்

எங்கள் அலுவலகச் சுவரில் ‘பயப்படாமல் சாட்சி சொல்லுங்கள்’ என்று ஒரு போஸ்டர் உண்டு. கட்டுமாவடிக்காரியின் வழக்குக்குப் பிறகு அதற்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறேன்.

அவள் மீன் விற்பவள். பக்கத்து வீட்டுக்காரன் தன் மனைவியைத் துடுப்பால் அடித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவன் சொந்தப் படகுக்காரன். ஊரில் பாதிப் பேர் அவனுக்குப் பங்காளிகள். சாட்சிகளுக்குத் துணை நிற்கும் மையத்தை நடத்துகிற நான், மிரட்டல் வரும் என்று காத்திருந்தேன். ஒரு கல்கூட விழவில்லை. கரையில் நடக்கும் ஏலத்தில் அவள் விலை கேட்டால் மட்டும் ஏலக்காரனுக்குக் காது கேட்காது. அவளைவிடக் குறைத்துக் கேட்டவளுக்குக் கூடை போகும். விற்கப் போகும் பழக்கத்தில் கொஞ்ச நாள் வெறுங்கூடையோடு அறந்தாங்கி பஸ்ஸுக்கு நின்றாள். பிறகு அதையும் விட்டாள்.

நான் மனுப்போட்டு அவள் வாசலில் ஒரு பெண் போலீஸை நிறுத்தினேன். பெரிய சாதனை!

“காவலுக்கு ஆளு வந்துருச்சுங்க. சோத்துக்கு?” என்றாள். “எனக்காக நீங்க ஏலம் கேக்கக்கூடாதாங்க?”

“நான் மீன் வாங்கிக் குடுத்தா, ஆதாயத்துக்குச் சாட்சி சொல்ற பொம்பளைன்னு எதிர்வக்கீல் சொல்லுவாரும்மா.”

சொன்னது உண்மை. உண்மையை உலையில் போட முடியுமா? அவள் கீரமங்கலம் பக்கம் பூப்பறிக்கப் போனாள். மீன் வாடை அடிக்கிறது என்று அங்கே தனியாக உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.

வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒருவழியாகப் புதுக்கோட்டை கோர்ட்டில் கூண்டேறினாள். துடுப்பை அவன் எந்தக் கையில் பிடித்திருந்தான் என்பதுவரை பிசகாமல் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வக்கீல் எழுந்தார். குரலில் அப்படி ஒரு கனிவு.

“ஊர்ல ஒங்களுக்கு யாரும் மீன் குடுக்குறதில்லையாமே?”

“இல்லைங்க.”

“அதுல ஊர்க்காரங்க மேல கோவம் இருக்குமே?”

“இருக்காதாங்க?”

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். சாட்சி சொல்ல வந்ததால்தான் மீன் நின்றது என்பதை எங்கள் தரப்பு வக்கீல் மறுபடி கேட்டு வாங்கினார். விழுந்தது விழுந்ததுதான். ஒரே சாட்சி, அவளுக்கும் ஊரோடு பகை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விடுதலை செய்தார்கள். பட்டினி போட்டவர்கள் அந்தப் பட்டினியையே சாட்சியாக்கி ஜெயித்தார்கள். என் வேலையின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

சில நாள் கழித்துத் தலையில் கூடையோடு அலுவலகத்துக்கே வந்தாள்.

“மொதக் கூடையே எனக்குத்தாங்க விட்டாங்க. ஏலக்காரருக்கு இப்ப நல்லாக் காது கேக்குது.”

“யாரு படகு மீனு?”

“அவன் படகுதான். திரும்பி வந்துட்டான்ல.”

“பக்கத்து வீட்டுலயேவா? பயமா இல்லையாம்மா?”

“என்னையப் பாத்தாச் சிரிக்கிறான்ங்க. நானும் சிரிச்சு வைக்கிறேன்.” கூடையை என் மேசையருகே இறக்கினாள். “இன்னும் போணி ஆகலங்க. ஒங்க கையால ஆகட்டும்.”

போணி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வாங்கிக்கொண்டேன்.