போகக்கூடாத மேடு

சித்திக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து போய் கேஸை அணைத்தோமா என்று பார்ப்பாள். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் படிக்கட்டருகேதான் நிற்பாள். “உங்க வீட்ல பொண்ணு பெத்தாங்களா, பம்பரம் வாங்கினாங்களா?” என்பார் சித்தப்பா. அவருக்கு ஃபேன் ரிப்பேர் தொழில். சுற்றுகிற எதையும் கழற்றிப் பார்த்துவிடுவார், சித்தியைத் தவிர.

சித்திக்குக் கடலோரச் சதுப்பை மீட்கும் வேலை. முன்பு கரை போட்டுக் கடல்நீரைத் தடுத்து அந்த நிலத்தைக் காயவிட்டிருந்தார்கள். இப்போது கரையை வெட்டித் திறந்ததும் உப்புநீர் பழைய வாய்க்கால்களைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தது. பெண்கள் முழங்கால் சேற்றில், உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி நட்டார்கள். மறுவருஷமே பவளக்காலிப் பறவைகள் வந்தன. கறுப்பு வெள்ளை உடம்பு, குச்சி குச்சியாகச் சிவப்புக் கால்கள். மூன்று ஜோடிகள் சேற்று மேடுகளில் முட்டையிட்டன.

கூடுகளைக் காப்பது சித்தியின் பொறுப்பு. நடவு செய்கிறவர்கள் மிதித்துவிடாமல் இருக்க ஒவ்வொரு கூட்டருகிலும் மூங்கில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள். அதோடு விட்டாளா? காலையில் பார்த்தாள், மதியம் பார்த்தாள், வீட்டுக்குக் கிளம்பியவள் பாதி வழியில் திரும்பி வந்தும் பார்த்தாள்.

முதல் கூடு காலியானது. நாயாக இருக்கும் என்று வலை கட்டினாள். அடுத்ததும் போனது. மூன்றாவதும் போனபின் வீட்டில் பூட்டிய கதவையே திரும்பத் திரும்பப் பூட்டினாள்.

ஒரு காலை, கரையில் செருப்பைக் கழற்றும்போதே மின்கம்பத்திலிருந்து ஒரு காக்கை இறங்கியது. அவள் நடந்தால் பறந்தது, நின்றால் உட்கார்ந்தது. காலிக்கூட்டின் குச்சியில், துணிக்குப் பக்கத்தில், வெள்ளையாக எச்சம்.

“நாய் இல்லைங்க. நான்தான்” என்றாள் சாயங்காலம் சித்தப்பாவிடம்.

“நீயா முட்டையைத் தின்ன?”

“விளையாடாதீங்க. காக்காவுக்கு வழி காட்டுனது நான்.”

அந்த மூன்றும் போக, வேறொரு ஜோடி புதிதாக வந்திருந்தது. தாமதமாக வடக்கு மேட்டில் அடைகாக்க உட்கார்ந்ததை, கரையிலிருந்தே பார்த்திருந்தாள். அந்தப் பக்கம் நடவு நின்றது. “குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நீங்களும் போகக்கூடாது” என்றார் மேற்பார்வையாளர். சித்தி தலையாட்டினாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

சும்மா இருக்க முடியாதவள் ஒரு தந்திரம் செய்தாள். தினமும் எதிர்த்திசையில், கூடு ஒன்றுமே இல்லாத தெற்கு மேட்டுக்குப் போனாள். குச்சி நட்டாள், குனிந்து பார்த்தாள், உதட்டில் விரல் வைத்தாள். காக்கை பின்னாலேயே வந்தது.

“என்னக்கா, காக்காவுக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா?” என்றாள் நடவு செய்கிற ஒருத்தி.

“ஆமாண்டி. ஏமாளி நானா அதுவான்னு பாத்துடலாம்.”

நாட்கள் போயின. ஒரு மதியம் தெற்கு மேட்டில் நின்றவளின் தலைக்கு மேல் பவளக்காலிகள் இரண்டும் கத்திக்கொண்டே பாய்ந்தன. “உன் வீடு அந்தப் பக்கம்டி, இங்க ஏன் கத்துற?” என்று அதட்டியவள் காலடியில் உமரி அசைவதைப் பார்த்தாள். சேற்று நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை. அதற்குக் கால்கள் இருந்தன. முட்டையிலிருந்து வந்த அன்றே நடக்கிற ஜாதி. குஞ்சுகள் கூட்டை விட்டு இங்கேயே வந்துவிட்டிருந்தன.

எத்தனை, எங்கெங்கே என்று தெரியவில்லை. காலை எடுத்தால் எதன்மேல் வைப்பாளோ. பக்கத்துக் குச்சியில் காக்கை, அவள் கையை ஆட்டியும் பறக்கவில்லை.

அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கக் கரையோரம் வந்திருந்தார் சித்தப்பா.

“ஏங்க! குச்சி மேல இருக்கிறதை அடிங்க!”

“உன்னை ஒட்டி இருக்கே. குறி தப்பினா உன் மண்டைதான்.”

“மண்டைல படட்டும். கீழ மட்டும் விழக்கூடாது. வீசுங்க!”

முதல் மண்ணாங்கட்டி அவள் தோளில் பட்டு உதிர்ந்தது. காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. இரண்டாவதற்கு எழும்பியது. பவளக்காலிகள் கரை தாண்டும்வரை அதைத் துரத்தின.

“போயிடுச்சு, வா” என்றார் சித்தப்பா.

சித்தி நகரவில்லை. “திரும்பி வரும். இன்னும் நாலு எடுத்துக் கையில வெச்சுக்கோங்க.”